ஒரு கவுனுக்காகக் கடல் கடந்த சிறுமி



நம்ம வயசுல ஒரு பொண்ணு ஒரு கவுனைத் திருடிட்டா. அதுக்கு நீங்க என்ன தண்டனை கொடுப்பீங்க? திருப்பிக் கொடுக்கச் சொல்லுவோம். மிஞ்சிப்போனா முட்டி போட வைப்போம். ஆனால் 1789-ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றம் கொடுத்தது தூக்குத் தண்டனை!

அந்தப் பொண்ணு பேரு மேரி வேட். வயசு 13 இருக்கும். என்னைவிட ஒரு வயசு சின்னவள். லண்டன் தெருக்களைப் பெருக்கியும் பிச்சை எடுத்தும் பிழைத்தவள். அவளும் இன்னொரு சிறுமியும் சேர்ந்து, தண்ணீர் பிடிக்க வந்த 8 வயசுக் குழந்தையின் பருத்திக் கவுனையும் தொப்பியையும் பறித்துக்கொண்டார்கள். கவுன் அடகுக்கடைக்குப் போனது. இருவரும் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. அத்தனை பேரையும் தூக்கில் போட முடியுமா? அதனால் பலருடைய தண்டனையை மாற்றி நாடு கடத்தினார்கள். நம்ம பெரியவங்க இதைத் 'தீவாந்தர தண்டனை' என்பார்கள். 7 வருஷம், 14 வருஷம், ஆயுள் என்று பல அளவு உண்டு.

ஏன் ஆஸ்திரேலியா?

முதலில் கைதிகளை அமெரிக்காவுக்குத்தான் அனுப்பினார்கள். 1775-இல் அங்கே சுதந்திரப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களையே சிறையாக்கினார்கள். அதுவும் போதவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1787 மே 13 அன்று ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்கள் புறப்பட்டன. கைதிகள் மட்டும் 700 பேருக்கு மேல். எட்டு மாதப் பயணம். 1788 ஜனவரி 26 அன்று சிட்னியில் இறங்கினார்கள். (நம்ம குடியரசு தினமும் அதே தேதி!)

1790-இல் போன மூன்று கப்பல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு கைதி வழியிலேயே செத்துப்போனாங்க. ஏன் தெரியுமா? ஏற்றின தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம். உயிரோடு போய்ச் சேர்ந்தாங்களா என்று கணக்கில்லை! பிறகுதான் அந்த முறையை மாற்றினார்கள்.

மேரி என்ன ஆனாள்?

1789 மார்ச்சில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயிலிருந்து தேறினார். அந்த மகிழ்ச்சியில், தூக்குக்குக் காத்திருந்த பெண்களை நாடு கடத்தினால் போதும் என்றார்கள். 200-க்கு மேற்பட்ட பெண்களோடு 'லேடி ஜூலியானா' கப்பலில் மேரி 1790 ஜூன் 3-இல் சிட்னி சேர்ந்தாள்.

தண்டனைக் காலம் முடிந்தாலும் ஊர் திரும்ப அரசு கப்பல் கட்டணம் தராது. ஏழைக்கு ஏது அவ்வளவு பணம்? பெரும்பாலானவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மேரியும் திரும்பவே இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பெற்று, 1859-இல் அங்கேயே இறந்தாள். 2007-இல் ஆஸ்திரேலியப் பிரதமரான கெவின் ரட் அவளுடைய வம்சம்தான்!

1868-இல் கடைசிக் கைதிக் கப்பல் போய்ச் சேர்ந்தது. 80 ஆண்டுகளில் சுமார் 1,62,000 பேர்!

இன்னொன்றையும் சொல்லணும். அது காலி நிலம் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழங்குடி மக்கள் வாழ்ந்த மண். அவர்கள் நிலத்தை இழந்தார்கள், நோயிலும் சண்டையிலும் மடிந்தார்கள். ஜனவரி 26 அங்கே தேசிய விடுமுறை. பழங்குடி மக்கள் பலருக்கோ அது துக்க நாள்.

மேரி செய்தது தப்புதான். அந்தக் குழந்தை எவ்வளவு அழுதிருக்கும்! ஆனா ஒரு கவுனுக்காக ஊரையும் உறவையும் ஒரேயடியாப் பிடுங்கிக்கிறது சரியா? எனக்கு நியாயமாப் படலை. நீங்க என்ன நினைக்கிறீங்க?

— 9-ஆம் வகுப்பு மாணவி