எண்ணெய் அழுத்தமானி பொருத்துதல்

மனித உடலுக்குக் குருதி எப்படியோ, அப்படியே மோட்டார் வண்டியின் என்ஜினுக்கு எண்ணெய். ஆனால் நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. 1983-இல் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய வண்டிக்குக் கடையில் அழுத்தமானி வாங்கிப் பொருத்துவது எப்படி, அதில் எங்கே கவனம் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விளக்கு சொல்லாதது

என்ஜினின் அடித்தொட்டியில் உள்ள எண்ணெயைப் பம்பு இறைத்துப் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்பதால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை அரைக்கும்; சில நிமிடங்களில் என்ஜின் பாழாகும்.

விளக்கை இயக்கும் சுவிட்ச், அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 முதல் 7 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை எரியவைக்கும். நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பவுண்டு அழுத்தம் வேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. அதன்படி 3000 சுற்றில் 30 பவுண்டு இருக்கவேண்டிய இடத்தில் 12 பவுண்டே இருந்தாலும் விளக்கு வாய் திறக்காது. அழுத்தம் நாளுக்கு நாள் குறைந்துவருவதை மானி ஒன்றே காட்டும்.

உணர்வி வேலை செய்யும் விதம்

பிரான்சு நாட்டின் யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அழுத்தமானியே பழைய கார்களிலும் பயன்பட்டது. அதற்கு என்ஜினிலிருந்து ஓட்டுநரின் முன்பலகை வரை எண்ணெயைச் சிறு குழாயில் கொண்டுவர வேண்டும். குழாய் உடைந்தால் கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டும்! மின்மானியில் அந்த இடர் இல்லை. என்ஜினில் உணர்வி ஒன்றைத் திருகிவிட்டு, மின்கம்பியை மட்டும் முன்பலகைக்குக் கொண்டுவருகிறோம்.

உணர்வியின் உள்ளே ஒரு மென்தகடு உண்டு. எண்ணெய் அதை அழுத்த, அதனோடு இணைந்த தொடுமுனை ஒரு மின்தடையின்மீது நகர்கிறது. தடை மாற மாற மானியின் முள் நகர்கிறது. இதில் இருவகை உண்டு. ஐரோப்பிய வகையில் அழுத்தமில்லாதபோது சுமார் 10 ஓம், முழு அழுத்தத்தில் சுமார் 180 ஓம். அமெரிக்க வகையில் அழுத்தமில்லாதபோது 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம். ஒரு வகையின் உணர்வியை மற்ற வகையின் மானியோடு சேர்த்தால், எண்ணெயே இல்லாத என்ஜினுக்கு முழு அழுத்தம் காட்டும். ஆகவே மானியையும் உணர்வியையும் இணையாகவே வாங்க வேண்டும்.

மரையில் கவனம்

என்ஜின் ஆறியபின் பேட்டரி இணைப்பை நீக்கிப் பழைய சுவிட்சைக் கழற்றவும். ஜப்பானிய வழிவந்த என்ஜின்களில் பெரும்பாலும் 1/8 அங்குலப் பிரிட்டிஷ் குவிமரை இருக்கும். அதில் அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்கக் குவிமரையில் 27 சுற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தவறான மரை தொடக்கத்தில் கொஞ்சம் ஏறிப் பின் இறுகும்; 'இன்னும் கொஞ்சம்' என்று ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் என்ஜினின் மரையே அழியும். கையால் சில சுற்றுத் தடையின்றி ஏறுவதே சரியான மரை.

டெஃப்லான் நாடாவை அளவோடு சுற்றி, முனையிலுள்ள ஓரிரு மரைகளை வெறுமையாக விடவேண்டும். நாடாத் துணுக்கு உள்ளே போனால் எண்ணெய் வழியை அடைக்கும். ஒற்றைக் கம்பி உணர்விக்கு அதன் உலோக உடலே எர்த் என்பதால், மிகுதியான நாடா மின்னோட்டத்தையும் தடுக்கும்.

சிற்றப்பாவின் கார்

வாடகைக் கார் ஓட்டும் என் சிற்றப்பா, பட்டறை ஒன்றில் ஐரோப்பிய வகை மானி பொருத்தினார். என்ஜினில் பித்தளை 'டீ' ஒன்றைத் திருகி, அதன் ஒரு கையில் பழைய சுவிட்சையும் மறு கையில் கனமான உணர்வியையும் மாட்டியிருந்தார்கள். சில மாதங்கள் குறையில்லை. ஒருநாள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, அதிர்வைத் தாங்காமல் டீயின் கழுத்து ஒடிந்தது. எண்ணெய் வெளியே பீய்ச்சியது. ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை. மானியின் முள்ளோ உச்சியில் நின்றது!

காரணம் எளிது. டீ ஒடிந்ததும் சுவிட்ச், உணர்வி இரண்டுக்கும் எர்த் அறுந்தது. எர்த் இல்லாமல் விளக்கு எரியாது. அறுந்த சுற்றுக்கு எல்லையற்ற தடை. ஐரோப்பிய வகை மானி அதை முழு அழுத்தமாகக் காட்டும். அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சிற்றப்பா ஓட்டிக்கொண்டே போனார். எண்ணெய் கருகும் நாற்றம் வந்தபின்தான் நிறுத்தினார். அதற்குள் பேரிங்குகள் போய்விட்டன. எங்கள் இரு வீட்டுக்கும் அது கடினமான மாதம்.

தக்க வழி

என்ஜினிலிருந்து உறுதியான, வளையும் சிறு குழாயைக் கொண்டுவந்து, அதன் மறுமுனையில் டீயை வைத்து, அதை வண்டியின் உடற்பகுதியில் பட்டையிட்டு இறுக்க வேண்டும். எர்த்துக்குத் தனிக் கம்பி இடவேண்டும். இப்போது குழாயே உடைந்தாலும் சுவிட்சுக்கும் உணர்விக்கும் எர்த் இருக்கும். விளக்கு எரியும், முள் கீழே இறங்கும். மானிக்கான மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக எடுக்க வேண்டும். பழைய விளக்கை ஒருபோதும் நீக்கலாகாது.

வேலை முடிந்ததும் என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, உணர்வியின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின் கம்பியை மாட்டி என்ஜினை இயக்குங்கள். சில நொடிகளில் முள் ஏறாவிட்டாலும், எங்காவது கசிந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஒரு கருவி உண்மை சொல்லும் விதத்தை அறிந்தால் மட்டும் போதாது. பழுதானால் அது எப்படிப் பொய் சொல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்ற ஓம் விதி, சிற்றப்பாவுக்கு நெடுஞ்சாலையில் பயன்பட்டிருக்கும். அதை அவருக்குச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.