பால் வற்றிய மடிக்குள் நடப்பது என்ன?

சினை மாட்டுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. இன்னமும் வேளைக்கு ஒரு லிட்டர் பால் வருகிறது. கறவையை நிறுத்தலாமா? சமயநல்லூர் பகுதியில் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சங்கத்துக்கு ஊற்றும் பாலை நம்பிக் குடும்பம் நடக்கும்போது, வருகிற பாலை விட மனம் வராதுதான். ஆனால் மடிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் எது லாபம் என்பது விளங்கும்.

மடி வெறும் பால் பை அன்று. அதற்குள் திராட்சைக் கொத்துப் போல எண்ணற்ற நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் உள்ள செல்களே இரத்தத்திலிருந்து சத்துக்களை எடுத்துப் பாலாக மாற்றுகின்றன. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடி வழியே ஓட வேண்டும். கறவைக் காலத்தில் இந்த அறைகள் விரிந்து மடியை நிறைத்திருக்கும். இடையிலுள்ள இணைப்புத் திசு மெலிந்திருக்கும்.

கறவையை நிறுத்தியதும் நிலைமை மாறுகிறது. தேங்கிய பாலை உடலே உறிஞ்சிக்கொள்கிறது. அறைகள் சுருங்க, இணைப்புத் திசு பெருகுகிறது. சுமார் மூன்று, நான்கு வாரங்களில் இம்மாற்றம் முடிகிறது. தேய்ந்த செல்கள் நீங்கிப் புதியவை உருவாவதும் இந்த ஓய்வில்தான். கன்று ஈனும் நாள் நெருங்கும்போது அறைகள் மீண்டும் விரிந்து, நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த சீம்பாலைச் சேர்க்கின்றன. ராஜஸ்தான் ஒட்டகத்தின் மடியிலும் பால் வற்றினால் அறைகள் சுருங்கி இணைப்புத் திசு ஓங்குகிறது.

ஈனும்வரை கறந்தால் செல்கள் புதுப்பிக்க அவகாசமில்லை. அடுத்த ஈற்றில் பால் குறையும். சீம்பாலும் தரம் குன்றும். விதை நெல்லைக் குத்தித் தின்றுவிட்டு நாற்றங்காலுக்கு எங்கே போவது?

எனவே ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே கறவையை நிறுத்த வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னதாக அடர்தீவனத்தைக் குறைக்கவும். பால் அதிகமுள்ள மாட்டை ஒரு வேளை மட்டும் கறந்து, பிறகு நிறுத்தலாம். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கடைசிக் கறவையில் மடியில் மிச்சம் வைக்காமல் கறந்து, காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைக்கவும். மடிநோய் கண்ட மாடாயின், கால்நடை மருத்துவரைக் கொண்டு காம்பினுள் மருந்து ஏற்றுவது நல்லது.

நிறுத்திய சில நாட்கள் மடி விம்மியிருப்பது இயல்பு. 'பார்ப்போமே' என்று கறந்துவிடாதீர்கள். காம்புத் துளையை மூடும் மெழுகு போன்ற அடைப்பு உடைந்து, கிருமி புகுந்துவிடும். நிறுத்திய இரண்டு வாரமும், ஈனுவதற்கு முந்திய இரண்டு வாரமும் மடிநோய்க்கு ஏற்ற காலம். தொழுவத்தை உலர்வாக வையுங்கள். மடி சூடாகி, தொட்டால் மாடு உதைத்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கருவூட்டல் செய்த தேதியைக் குறித்து வைப்பது அவசியம். அதிலிருந்து பசுவுக்கு 220-ஆம் நாளும், எருமைக்கு 250-ஆம் நாளும் கறவையை நிறுத்த வேண்டிய நாட்களாகும்.