கந்தளாய்க் குளக்கட்டு: மண்ணணை நிற்பதும் உடைவதும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் பேராற்றை மறித்து நிற்கும் கந்தளாய்க் குளக்கட்டு, நான்கு கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, சுமார் 15 மீற்றர் உயர்ந்த மண்ணணையாகும். தமிழ் மரபு இதனைக் குளக்கோட்டன் என்னும் மன்னனின் திருப்பணியாகக் கொள்ள, சிங்கள மரபு ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இணைக்கின்றது. தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் தருவதே இதன் முதற்பணி எனினும், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஒரேயடியாகத் திரண்டு வரும் வெள்ளத்தை ஏற்று, பின்னர் ஆறுதலாக வெளியேற்றுவதும் அதன் பணியே.

அகன்ற அடியும் சரிந்த பக்கங்களும் உடைய இக்கட்டு, தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையை எதிர்த்து நிற்கின்றது. அலை மண்ணைக் கரைக்காதவாறு நீர்ப்பக்கச் சரிவில் கல் பதிக்கப்படுகின்றது. மிகுநீரை வெளியேற்றும் தாழ்ந்த வழி வான் எனவும், கட்டினூடாக வயலுக்கு நீர் விடும் கதவுடைய வாய்க்கால் துருசு எனவும் வழங்கும். வான் போதாமல் நீர் கட்டின் தலைமேல் வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கப்பட்டுக் கட்டு உடையும் என்பது எவருக்கும் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத உள்ளரிப்போ அதனினும் வஞ்சகமானது. எந்த மண்கட்டிலும் சிறிதளவு நீர் கசிந்தே தீரும். அக்கசிவு மண்துகள்களையும் இழுத்துவரத் தொடங்கினால், வெளிப்புறத்தில் தோன்றும் சிறு துளை நீர்ப்பக்கம் நோக்கிப் பின்னோக்கி வளர்ந்து, கட்டினூடே ஒரு குழாயாகிவிடுகின்றது. கட்டுமானத்தை ஒட்டிய மண்ணை இறுக்குவது கடினமாதலால், துருசின் ஓரம் இதற்கு எளிதில் இடங்கொடுக்கும். கறையான் புற்றும் பட்டுப்போன மரத்தின் வேர்த்தடமும் அத்தகையனவே. களிமண் உள்ளகம் கசிவைக் குறைக்க, அதன் பின்னே படிப்படியாகப் பருத்த மணலும் சரளையும் இடப்பட்ட வடிகட்டி, நீரைப் போகவிட்டு மண்ணைத் தடுக்கின்றது.

கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், மாரி ஓய்ந்த பின்னரே உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. உள்ளரிப்பே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. 1976இல் அமெரிக்காவின் ரீற்றன் அணை, நவீன முறையில் கட்டப்பட்டும், முதன்முறை நிரம்பும்போதே இவ்வாறு உடைந்தமையால், பழமையை மட்டும் பழிப்பது பொருந்தாது. கந்தளாய்க் கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது.

கட்டின் அடியில் ஊறும் நீர் தெளிவாயிருப்பின் அதன் அளவைக் கவனித்து வருதல் போதும். அது கலங்கி வருமாயின், குளத்தின் கீழ் வாழ்வோர் அன்றே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.