உங்களுக்குத் தெரியுமா? பைத்தான் அனுப்பும் அஞ்சல்

பைத்தானில் பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும், உங்கள் ஸ்கிரிப்ட்டே மின்னஞ்சல் அனுப்பிவிடும். அதற்கான ‘எஸ்எம்டிபிலிப்’ என்ற நிரல் நூலகம் பைத்தானோடு கூடவே வருகிறது.

● முதலில் வணக்கம்: ஸ்கிரிப்ட் சர்வருக்கு முகமன் சொல்லி, அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தரும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் 250 என்று பதில் சொன்னால் ‘சரி’ என்று பொருள். 354 என்றால் ‘கடிதத்தைக் கொடு’. இந்த எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982-இல் எழுதி வெளியிட்டார்.

● ஒற்றைப் புள்ளி: கடிதம் முடிந்தது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வந்தால் முடிந்தது. கடிதத்திலேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால், பைத்தான் முன்னால் இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்பும். பெறும் சர்வர் அதை நீக்கிவிடும்.

● தமிழ்த் தலைப்பு: எஸ்எம்டிபி ஆங்கில எழுத்துகளுக்காகப் பிறந்தது. ‘வணக்கம்’ யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். தலைப்பில் இட்டால், அது பேஸ்64 முறையில் ஆங்கில எழுத்து, எண், குறி என மொத்தம் 28 ஆக மாறிப் பயணம் செய்து, பெறுபவர் திரையில் மறுபடி தமிழாகிறது.

● உறையும் கடிதமும் வேறு: சர்வரிடம் சொல்லும் அனுப்புநர் முகவரியும், வாசகர் பார்க்கும் அனுப்புநர் முகவரியும் தனித்தனி. போலி அஞ்சல்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

மறக்காதீர்கள்: கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதவே வேண்டாம். ஸ்கிரிப்ட்டைப் பகிர்ந்தால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.