குடிதண்ணீரில் மண் வாசனை: அறியும் வகை

தொப்பம்பட்டி முதலிய திண்டுக்கல் சமவெளி ஊர்களில், கோடையில் குளத்து நீர் வற்றிப் பச்சை பூக்கும் காலத்திலும், புது மழை நீர் சேரும் காலத்திலும், குடிதண்ணீரில் மண் வாசனை தோன்றக் கூடும். அதனைக் குளோரின் மருந்தின் குற்றமென எண்ணி, மருந்திடாத வேறு நீரை நாடுவது பெருந்தவறாகும். காலராக் கிருமிக்கு வாசனை இல்லை.

மண் வாசனையின் காரணம் யாது? மண்ணிலும் நீரிலும் வாழும் சில நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசிகளும் உண்டாக்கும் ஜியாஸ்மின், மெதில் ஐசோபோர்னியால் என்னும் இரு பொருள்களே பெரும்பாலும் காரணம். முன்னதை 1965-ல் கெர்பர், லெஷவாலியர் என்னும் இருவர் அமெரிக்காவில் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். வட இந்தியாவில் கன்னோஜ் நகரத்தார் சுட்ட மண்ணை வாலையிலிட்டு அத்தர் வடிப்பது அதற்கு நெடுங்காலம் முற்பட்டது.

லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே பலர் மூக்கு ஜியாஸ்மினை உணரும். அதாவது, 10 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம்!

சங்க அங்கத்தினர் செய்யத்தக்க சோதனை பின்வருமாறு:

1. சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் சோதிக்க வேண்டிய நீர் ஒரு ஆழாக்கும், வாசனையற்ற நீர் ஏழு ஆழாக்கும் சேர்த்து ஒரு படியாக்குக.

2. மூடிக் கை பொறுக்குமளவு சூடாக்கிக் குலுக்குக.

3. வாசனையற்ற நீர் மட்டும் கொண்ட பாத்திரத்தையும் அருகில் வைத்து, எது எதுவென்று கூறாமல், வெற்றிலை புகையிலை போடாத மூவர் முகர்ந்து பார்க்கட்டும். நீரைச் சுவைத்தல் கூடாது.

எட்டு மடங்கு கலந்தும் வாசனை தெரியின், அது மிகுதியென்க. தேதியுடன் குறித்து வைத்தால் ஏற்றத் தாழ்வு விளங்கும்.

சரியான அளவை அறிய ஆய்வுக்கூடமே வேண்டும். காற்றிடமின்றி நிரப்பிய கண்ணாடிப் புட்டியைக் குளிரில் வைத்து விரைவில் அனுப்புக. அங்கே நீரினின்று எழும் ஆவியை மெல்லிய இழையில் பிடித்து, வாயுப் பகுப்புக் கருவியால் பிரித்து, நிறையறி கருவியால் இனங் காண்பர். சாதாரண நீர்ப் பரிசோதனையில் இது அடங்காதாதலின், தனியே கேட்டல் அவசியம்.

இவ்வளவில் இப்பொருள்கள் உடலுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. குளோரின் இவ்வாசனையை நன்கு நீக்காது. ஊக்கிய கரி நீக்கும். ஆயினும் கிருமியைக் கொல்வது குளோரினே, அதனை நிறுத்தலாகாது.

நீர்மேல் பச்சை ஆடை படர்ந்திருப்பின், அதனைப் பருகற்க, கால்நடைக்கும் காட்டற்க. அப்பாசிகளுள் சில விஷம் உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. மூக்கு எச்சரிக்கும், தீர்ப்புக் கூறுவது பரிசோதனையே.