எரிந்துபோன காற்றாலை 70 ஆண்டுக்குப் பிறகு திரும்பி வந்த கதை!

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில், ஸ்பார்னே ஆற்றங்கரையில் நிற்கிறது 'டி ஆட்ரியான்' காற்றாலை. அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் போட்டோ எடுக்கும் இடம். 'எவ்ளோ பழசு!' என்று வியப்பவர்களுக்கு ஒரு தகவல்: இப்போது நிற்கும் கட்டடம் திறக்கப்பட்டது 2002-ல்தான். அப்போ, பழைய காற்றாலை என்ன ஆச்சு?

யார் கட்டியது?

1778-ல் ஆம்ஸ்டர்டாம் தொழிலதிபர் ஆட்ரியான் டி போய்ஸ், ஆற்றங்கரையில் இடிந்து கிடந்த கோட்டைக் கோபுரத்தை நகர நிர்வாகத்திடமிருந்து வாங்கினார். அந்த இடத்தில் எழுந்த காற்றாலை, 1779 மே மாதம் சுழலத் தொடங்கியது. அவர் பெயரே காற்றாலைக்கும் நிலைத்தது.

மாவு அரைக்கவா?

முதலில் இல்லை. எரிமலைக் கல்லை இங்கே பொடியாக்கினார்கள். அந்தப் பொடியைச் சுண்ணாம்போடு கலந்தால், தண்ணீரைத் தாங்கும் சாந்து கிடைக்கும். தோல் பதனிட மரப்பட்டையும் அரைபட்டது. 1802-ல் கைமாறியதும் புகையிலை, பிறகு மூக்குப்பொடி. 1865-ல் வந்த அடுத்த உரிமையாளர்தான் இதைத் தானிய மில்லாக மாற்றினார். காற்றை மட்டும் நம்பாமல் நீராவி இன்ஜினும் வைத்தார்.

எப்படி அழிந்தது?

இன்ஜின்கள் பெருகியதும் காற்றாலைகளுக்கு மவுசு குறைந்தது. ஆட்ரியானைக் காப்பாற்ற, காற்றாலைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1925-ல் அதை வாங்கியது. ஏழே ஆண்டுகள்தான். 1932 ஏப்ரல் 23 அன்று தீப்பிடித்து, கண்முன்னே எரிந்து விழுந்தது. காரணம் கடைசி வரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஏன் 70 ஆண்டு ஆச்சு?

எல்லாம் பணம்தான்! காப்பீட்டுத் தொகை போதவில்லை. ஊர்மக்கள் வசூல் செய்தும் பத்தவில்லை. நடுவே இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆனாலும் ஆசை மட்டும் அணையவில்லை. 1991-ல் இதற்காகவே ஓர் அறக்கட்டளை உருவானது. 1999-ல் அடித்தள வேலை தொடங்கியது. 2002 ஏப்ரல் 23 அன்று, அதாவது எரிந்த அதே தேதியில், புதிய ஆட்ரியான் திறக்கப்பட்டது.

அப்போ இது 'ஒரிஜினலா'?

மரமும் செங்கல்லும் புதுசு. இடம், தோற்றம், பெயர் மூன்றும் பழசு. தீயைப் பார்த்தவர்களில் பலர் திறப்பு விழாவைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர்கள் கேட்ட காற்றாலையை அடுத்த தலைமுறை கட்டி முடித்தது. இன்று உள்ளே மியூசியம் இயங்குகிறது. காற்று அடித்தால் இறக்கைகளும் சுற்றுகின்றன.