தடிக்கும் இதயம், ரத்தத்தில் தெரியும் தடயம்

2003 ஜூன் 26. பிரான்ஸின் லியோன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. கொலம்பியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ, 72ஆவது நிமிடத்தில் யாரும் மோதாமலே தரையில் சாய்ந்தார். வயது 28. பிழைக்கவில்லை. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்னும் பரம்பரை இதயத் தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது.

ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணம் இல்லாமலே இடது கீழறையின் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். எக்கோ எடுத்தால் தடிமன் தெரிந்துவிடும். ஆனால் ஒரே தடிமன் உள்ள இருவரில் ஒருவர் நாள் முழுக்க வயலில் உழைக்கிறார். மற்றவருக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தசைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய ரத்தப் பரிசோதனை கைகொடுப்பது இங்கேதான்.

முதலில் பார்ப்பது என்.டி. புரோ பி.என்.பி. என்னும் பொருளின் அளவு. இதன் உறவுப் பொருளான பி.என்.பி.யை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1988இல் பன்றியின் மூளையில்தான் கண்டெடுத்தார்கள். பெயரில் ‘பி’ என்று ‘பிரெய்ன்’, அதாவது மூளை, ஒட்டிக்கொண்டது அப்படித்தான். உண்மையில் இதைப் பெரிதும் சுரப்பது இதயம். தடித்த சுவர் விறைத்துப்போவதால் துடிப்புக்குத் துடிப்பு அது முழுதாகத் தளர்வதில்லை. உள்ளே வரும் ரத்தத்துக்கு இடம் கொடுக்கத் திணறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த இழுவிசையைத் தாங்கும் செல்கள் இதை ரத்தத்தில் விடுகின்றன.

அடுத்தது ட்ரோபோனின். இது தசைச் செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதம். செல் காயப்பட்டால்தான் வெளியே கசியும். இந்த நோய் உள்ள ஒருவர் நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். அவருடைய ஈ.சி.ஜி. மாறியிருக்கிறது, ட்ரோபோனினும் கூடியிருக்கிறது. மாரடைப்பு என்று ஆஞ்சியோ செய்தால் பெரிய குழாய்களில் அடைப்பே இல்லை! தடித்த தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது. அதற்கு ஊட்டும் நுண்குழாய்களோ சுவர் பருத்துக் குறுகிக் கிடக்கின்றன. அரைப் பட்டினியில் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகத் தெரியும் அந்தத் தழும்பு, கீழறைத் தசையில் 15 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் திடீர் மரண ஆபத்து கூடுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. இந்த நோய்க்கான மரபணுப் பிழையைச் சுமந்தாலும் சுவர் இன்னும் தடிக்காதவர்களைச் சோதித்தார்கள். தழும்பை நெய்யும் கொலாஜன் உற்பத்தியின் அடையாளம் அவர்கள் ரத்தத்தில் அப்போதே கூடியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் தழும்பு எதுவும் தெரியவில்லை. எக்கோவுக்கு எட்டுமுன்பே நோய் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

சிகிச்சை பலிக்கிறதா என்பதையும் இந்த ரத்தப் பரிசோதனை எண்கள் காட்டுகின்றன. தசையின் மிதமிஞ்சிய சுருக்கத்தைத் தணிக்கும் மாவகாம்டென் மருந்தின் 2020ஆம் ஆண்டுச் சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட, மருந்து பெற்றவர்களின் என்.டி. புரோ பி.என்.பி. சுமார் 80 சதவீதமும் ட்ரோபோனின் சுமார் 40 சதவீதமும் கூடுதலாக இறங்கின.

ஆனாலும் ஒரே ஓர் அறிக்கையை வைத்துப் பயப்படுவதும் தவறு, நிம்மதி அடைவதும் தவறு. சிறுநீரகம் பழுதானாலும் வயது ஏறினாலும் என்.டி. புரோ பி.என்.பி. கூடும், உடல் பருமன் அதைக் குறைத்துக் காட்டும். நோயைக் கண்டறிய எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும்தான் வேண்டும். ரத்த எண்ணை அதே நபரின் பழைய எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நோயைக் கவனிக்க நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்று 2009இல் வெளியான ஆய்வு, இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட நிலை இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருப்பதைக் காட்டியது. அதைச் சுமக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தசைத் தடிப்பு நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்தே ஆக வேண்டும். இப்போது சரியாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.